பெரியத்தை குண்டு எறிகிறார்!

தலைப்பைப் பார்த்துப் பதறிவிடாதீர்கள், சகோதரிகளே! போலீஸுக்குச் சொல்லி அனுப்ப வேண்டிய சங்கதி இதில் ஒன்றுமில்லை. பெரியத்தைக்கு வயது 68. இரண்டு முழங்காலிலும் வலி. வெள்ளிக்கிழமை தவறாமல் வாசல் தெளித்துக் கோலம் போட்டு விளக்கேற்றுகிறவர். அவர் எறிவது எஃகினால் செய்த ஓர் உருண்டை. அது வெடிக்காது. காலில் விழுந்தால் மட்டும் வலிக்கும். அதை நானே பரீட்சித்துப் பார்த்துவிட்டேன்.

உண்மையில் நான் எழுத வேண்டியிருந்தது வேறோர் ஆட்டத்தைப் பற்றி. சென்னையில் இப்போது எந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போனாலும் பிக்கிள்பால், பிக்கிள்பால் என்றுதான் பேச்சு. 'ஊறுகாய்ப் பந்து' என்று தமிழ்ப்படுத்தினால் நாக்கில் நீர் ஊறுகிறது. 1965-ல், அமெரிக்காவில் ஸியாட்டில் நகரத்துக்குப் பக்கத்திலுள்ள பெயின்பிரிட்ஜ் தீவில், கோடை விடுமுறையில் பொழுது போகாமல் தவித்த குழந்தைகளுக்காகப் பெரியவர்கள் கையில் அகப்பட்டதைக் கொண்டு ஆரம்பித்து வைத்த ஆட்டம் அது. இறகுப்பந்து மைதானம், மேஜைப்பந்து மட்டைக்கு அண்ணன் போல ஒரு மட்டை, துளை போட்ட பிளாஸ்டிக் பந்து. வலைக்கு இரு பக்கமும் 7 அடி அகலமுள்ள இடத்துக்குச் 'சமையலறை' என்று பெயர். அங்கே நின்றுகொண்டு, தரையில் படாத பந்தை அடிக்கக் கூடாதாம். சமையலறையில் நிற்காதே என்று ஒரு விதி சொல்லுமானால், அந்த ஆட்டம் நம்மவர்களுக்குப் பிடித்துப் போனதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

நானும் மட்டை ஒன்று இரவல் வாங்கி இரண்டு நாள் ஆடிப் பார்த்தேன். மூன்றாம் நாள் மாடிப்படி ஏற முடியவில்லை. "கட்டுரை கொஞ்சம் தாமதமாகும், ஸார்" என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டு, நாலு நாள் லீவில் பனித்திட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் சாலையில் கிருமாம்பாக்கத்தில் இறங்கி, கடலைப் பார்த்துக் கிழக்கே திரும்பினால் பனித்திட்டு. பாகூர் கொம்யூனைச் சேர்ந்த கடற்கரை ஊர். ('கொம்யூன்' பிரெஞ்சு வார்த்தை என்பதே இங்கே யாருக்கும் நினைவில் இல்லை. ரேஷன் கார்டைப் போல அதுவும் தமிழாகிவிட்டது.) என் கணவரின் பெரியப்பா வீடு அங்கே இருக்கிறது. எனக்கு அவர் பெரிய மாமா. அவர் மனைவி பெரியத்தை.

பெரிய மாமா ஒரு 'சொல்தா'. புதுச்சேரிப் பக்கத்து வாசகியருக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். 1954 நவம்பர் 1-ந் தேதி புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16-ந் தேதி சட்டப்படியும் இந்தியாவுடன் சேர்ந்தது. அப்போது ஆறு மாத கெடுவுக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருந்துகொள்ளலாம் என்றார்கள். மாமாவின் தகப்பனார் எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு கையெழுத்தின் விளைவாக மாமா பத்தொன்பது வயதில் கப்பலேறி, தெற்குப் பிரான்ஸில் தூலோன் துறைமுகத்துப் பக்கம் பதினைந்து வருஷம் பட்டாள உடுப்புப் போட்டுவிட்டு, 1981-ல் ஊர் திரும்பினார். திரும்பும்போது ஒரு தோல் பெட்டியில் மூன்று எஃகுக் குண்டுகளும் கொண்டு வந்தார்.

அந்தக் குண்டுகளுக்கான ஆட்டத்துக்குப் பெயர் பெத்தாங்க். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பிரெஞ்சுத் தொடர்புள்ள குடும்பங்களில் இந்த ஆட்டம் பழகிய சமாசாரம். இப்போது அந்தத் தொடர்பு எதுவும் இல்லாத இளைஞர்களும் ஆடுகிறார்கள். மாமா வீட்டுப் பக்கவாட்டில் கிராவல் கொட்டிக் கெட்டித்த ஒரு துண்டு நிலம் இருக்கிறது. கடற்கரை ஊரில் மணலுக்கா பஞ்சம் என்று கேட்பீர்கள். மணல் உதவாது, குண்டு விழுந்த இடத்திலேயே புதைந்துகொள்ளும். சரளை கலந்த கெட்டித் தரை வேண்டும். போட்டிக்கான களம் 15 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். வீட்டோடு ஆடுவதற்கு ஒரு சந்து போதும்.

சாயங்காலம் நாலரை மணிக்கு மாமாவின் சிநேகிதர்கள் வந்து சேருவார்கள். தரையில் ஒரு வட்டம் போடுவார்கள். குறுக்கே சுமார் அரை மீட்டர். ஒருவர் அதில் நின்றுகொண்டு, எலுமிச்சம்பழத்தைவிடச் சிறிய ஒரு மரக்கட்டை உருண்டையை 6 மீட்டருக்குக் குறையாமலும் 10 மீட்டருக்கு மேற்படாமலும் எறிவார். அதற்குப் பிரெஞ்சில் 'கொஷோனே', அதாவது பன்றிக்குட்டி என்று பெயராம். மாமா கௌரவமாகக் 'குட்டி' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். அப்புறம் இரு கட்சியும் குட்டிக்குக் கிட்டே தங்கள் குண்டைக் கொண்டுபோய்ச் சேர்க்கப் பார்க்க வேண்டும். யாருடைய குண்டு தள்ளியிருக்கிறதோ அவர்களே தொடர்ந்து எறிய வேண்டும், எதிரியைவிடக் கிட்டே வருகிற வரையில். எதிரியின் குண்டு குட்டியோடு ஒட்டிக்கொண்டு கிடந்தால் அதன் தலையில் அடித்துத் தூக்கி எறியவும் செய்யலாம். எல்லாக் குண்டும் தீர்ந்த பின், எதிரியின் மிக நெருங்கிய குண்டைக் காட்டிலும் கிட்டே நமக்கு எத்தனை இருக்கின்றனவோ அத்தனை புள்ளி. 13 எடுத்தவர் ஜயித்தவர். ஆளுக்கு ஆள் ஆடினாலும், இருவர் இருவராக ஆடினாலும் தலைக்கு மூன்று குண்டு. மூவர் மூவராக ஆடினால் தலைக்கு இரண்டு.

இவ்வளவுதான் ஆட்டம். கோலிக்குண்டு ஆடத் தெரிந்தவர்களுக்கு இரண்டு நிமிஷத்தில் புரிந்துவிடும்.

எனக்கு ஆட்டத்தைவிடத் திண்ணைதான் வேடிக்கையாக இருந்தது. திண்ணையில் பெரியத்தை முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருப்பார். களத்தில் இரண்டு கிழவர்கள், "என்னுடையதுதான் கிட்ட!" "இல்லை, என்னுடையது!" என்று குனிந்து நிமிர்ந்து சண்டை பிடிப்பார்கள். ஒருவர் நாடாவை எடுக்கப் போவார். அதற்குள் திண்ணையிலிருந்து, தலையை நிமிர்த்தாமலே குரல் வரும்: "இரட்டை வரி போட்டதுதான் கிட்ட." (ஒருவர் குண்டு இன்னொருவருடையதோடு கலந்துவிடாதபடி அதன்மேல் வரிகள் வெட்டியிருப்பார்கள்.) நாடா வைத்துப் பார்த்தால் இரட்டை வரிதான்! ஒரு நாளல்ல, நான் இருந்த நாலு நாளும் இதே கதை.

முதல் நாள் ராத்திரி சாப்பிடும்போது பெரிய மாமா இந்த ஆட்டம் பிறந்த கதையைச் சொன்னார். மார்செய்க்கும் தூலோனுக்கும் நடுவே லா சியோத்தா என்று கடலோர ஊர் ஒன்று உண்டு. அந்தப் பக்கத்தில் முன்பு ஆடிய குண்டாட்டத்தில் தூரம் அதிகம். எதிரியின் குண்டை அடிக்க வேண்டுமானால் மூன்று எட்டு ஓடி வந்து எறிய வேண்டும். அங்கே ழூல் லெனுவார் என்பவர் கெட்டிக்கார ஆட்டக்காரர். அவருக்கு வாத நோய் வந்து மூட்டெல்லாம் பிடித்துக்கொண்டது. ஓட முடியவில்லை. நாற்காலியைப் போட்டுக்கொண்டு மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆட்டக்களத்தை நடத்தி வந்த பித்தியோ என்ற சிநேகிதருக்கு மனசு கேட்கவில்லை. "ஓட வேண்டாமப்பா, இரண்டு காலையும் ஊன்றி நின்ற இடத்திலிருந்தே எறி, தூரத்தையும் குறைத்துக்கொள்வோம்" என்று சொல்லிப் புது ஆட்டம் உண்டாக்கினார். காலை ஊன்றி நிற்பதைக் குறிக்கும் அவ்வூர் வார்த்தைதான் பெத்தாங்க் ஆயிற்று. 1910-ல் அந்தப் பெயரோடு முதல் பந்தயம் நடந்தது. அப்போது குண்டுகள்கூட எஃகு அல்ல. மரக்கட்டையில் நெருக்கமாக ஆணி அடித்தவை. 1920-களின் கடைசியில்தான் எஃகுக் குண்டு வந்தது.

மாமா இதை உருக்கமாகவே சொன்னார். வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லி மெருகேறிய கதை.

"அத்தை, நீங்கள் ஒரு நாளாவது எறிந்து பார்த்ததில்லையா?" என்று கேட்டேன்.

"யாரும் கூப்பிடலை, நானும் கேக்கலை. டீ போடறதா, குண்டைப் பாக்கறதா?" என்று சிரித்தார் பெரியத்தை.

"அவளுக்கு எதுக்கும்மா அதெல்லாம்? முட்டி வலின்னு மாடிப்படியே ஏறமாட்டேங்கறா" என்றார் மாமா.

பெரியத்தை மோர் ஊற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"என்னங்க, அந்த லெனுவாருக்கு என்ன வியாதின்னு சொன்னீங்க?"

மாமா பதில் சொல்லவில்லை. மோர் சாதத்தை இவ்வளவு அக்கறையாகப் பிசைந்து சாப்பிட்ட மனிதரை நான் பார்த்ததில்லை. மறுநாள் காலையில், வெயில் ஏறுவதற்கு முன்னால், தோல் பெட்டியைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்தார்.

அவருடைய குண்டுகள் ஒவ்வொன்றும் 730 கிராம். பந்தயத்துக்கு ஏற்ற குண்டு 650 கிராமிலிருந்து 800 வரை இருக்கலாம், குறுக்களவு 70.5 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் 80-க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். செய்தவர் பெயரும் எடையும் அதன்மேல் பொறித்திருக்கும். விளையாட்டுச் சாமான் கடைகளில் பளபளவென்று விற்கும் மலிவான ஜோடிகள் தோட்டத்தில் ஆடச் சரி, போட்டியில் ஏற்கமாட்டார்கள். வாங்குவதானால் கையில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். சின்னக் கைக்குச் சின்னக் குண்டு. புடவைக்கடையில் காட்டும் பொறுமையை இங்கேயும் காட்டுவது நல்லது.

பிடிப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. உள்ளங்கை வானத்தைப் பார்க்கக் கூடாது. தரையைப் பார்க்க வேண்டும். நாலு விரலும் சேர்ந்து குண்டை மூடியிருக்க, கட்டைவிரல் சும்மா பக்கத்தில் கிடக்க வேண்டும். கையைப் பின்னால் கொண்டுபோய் முன்னால் வீசி விடும்போது குண்டு தானாகப் பின்பக்கம் சுழன்றுகொண்டு போகும். விழுந்த இடத்தில் அதிகம் ஓடாமல் நிற்கும். எனக்கு இது வரவேயில்லை. என் முதல் குண்டு முருங்கை மரத்தடிக்குப் போயிற்று. இரண்டாவதுதான் என் காலில் விழுந்தது என்று முன்பே சொன்னேன். போட்டிகளில் விரலும் குதிகாலும் மூடிய செருப்புப் போட வேண்டும் என்ற விதி எதற்காக என்று அப்போது தெரிந்தது.

பெரியத்தை எறிந்ததைப் பார்த்தேன். குனிந்து கோலப்பொடி விடுகிற கையை நீங்கள் கவனித்திருக்கிறீர்களா? உள்ளங்கை கீழ்நோக்கி, மணிக்கட்டு இளகி, விரல் நுனியில் கணக்கு. அதே கை! முதல் குண்டு சற்றுத் தள்ளிப் போயிற்று. இரண்டாவது, குட்டிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. சின்ன வயதில் அஞ்சாங்கல் ஆடிய கைக்கு இது மறந்துபோகுமா?

"குட்டியைப் பாக்காதே, குண்டு எங்கே விழணுமோ அந்த இடத்தைப் பாரு" என்றார் மாமா. ஆரம்பிக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல புத்திமதி கிடையாது. தரையில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து அங்கேதான் குண்டை இறக்க வேண்டும். மீதிப் பயணத்தைத் தரை பார்த்துக்கொள்ளும். குனிந்து குண்டு பொறுக்க முடியாதவர்களுக்கும் வழி உண்டு. கயிற்றின் நுனியில் ஒரு காந்தம் கட்டித் தொங்கவிட்டால் குண்டு ஒட்டிக்கொண்டு மேலே வந்துவிடும். அந்தக் காந்தத்தைக் கண்டதும் பெரியத்தைக்கு உண்டான சந்தோஷம், குண்டைக் கண்டபோதுகூட இல்லை. "இதை வெச்சுக்கிட்டு இவ்வளவு நாள் ஊசியைத் தேடவிட்டீங்களே!" என்றார்.

பெண்கள் இந்த ஆட்டத்துக்குத் தாமதமாகத்தான் அழைக்கப்பட்டார்கள் என்பது பனித்திட்டோடு நிற்கிற விஷயமல்ல. ஆண்களுக்கு உலகப் போட்டி 1959-ல் ஆரம்பித்தது. பெண்களுக்கு 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் வந்த பிறகு பாருங்கள்: பிரெஞ்சுக்காரர் ஒரு நாளும் ஆண்டிராத தாய்லாந்திலிருந்து வந்த பெண்கள் உலகப் பட்டத்தை ஒரு தடவைக்கு மேல் தட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். அந்த நாட்டில் இந்த ஆட்டத்தைப் பரப்பியவரும் ஒரு பெண்மணிதான் - ராஜாவின் தாயார் ஸ்ரீநகரீந்திரா. எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு ராஜமாதா குண்டு எறியலாமென்றால், 68 வயதுப் பெரியத்தை எறிவதற்கு என்ன தடை?

மூன்று வாரம் கழித்து மாமாவிடமிருந்து போன் வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊர்த் தென்னந்தோப்பு ஒன்றில் சிறு பந்தயம், 16 குழு, மூவர் ஆட்டம். "உன் அத்தை பேர் குடுத்துட்டா. பக்கத்து வீட்டுக் காலேஜ் பொண்ணு ஒண்ணு. மூணாவது ஆள் நீதானாம்" என்றார். வேண்டாம் என்று சொல்லச் சந்தர்ப்பமே தரவில்லை.

உள்ளூர்ப் பந்தயம் எப்படி நடக்கும் என்று தெரிந்துகொண்டால் உங்களுக்குப் பயம் தெளியும். காலையில் பெயர் பதிந்துகொண்டு சீட்டுக் குலுக்குவார்கள். நாலு நாலு குழுவாகப் பிரிப்பார்கள். முதல் ஆட்டத்தில் தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதில்லை; தோற்ற இன்னொரு குழுவோடு மறுபடி ஆடலாம். இரண்டு தடவை தோற்றால்தான் வெளியே. பெரிய பந்தயமானால் அப்படி வெளியேறியவர்களுக்கென்று தனிப் பந்தயம்கூட வைப்பதுண்டு. நாலு மட்டை எடுத்து நாலு தடவை அடித்துவிட்டுத் தலை குனிந்து திரும்புகிற ஆட்டமல்ல இது.

எங்கள் முதல் ஆட்டம் மூன்று பென்ஷன்காரர்களோடு. தோப்புத் தரை ஈரம். மாமா வீட்டுக் கிராவலில் பழகிய எங்கள் கணக்கெல்லாம் பொய்த்தது. குண்டு போன இடத்தில் பொத்தென்று உட்கார்ந்துகொண்டது. 13-0! ஒரு புள்ளிகூட எடுக்காமல் தோற்பதற்கு இந்த ஆட்டத்தில் 'ஃபனி' என்று பெயர். அப்படித் தோற்றவர்கள் பிரான்ஸில் செய்ய வேண்டிய சம்பிரதாயம் ஒன்று உண்டு. அது குடும்பப் பத்திரிகையில் விவரிக்கத் தக்கதல்ல. வீட்டில் பிரெஞ்சு படித்தவர் யாராவது இருந்தால் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நல்ல வேளையாக அந்தத் தோப்பில் அதை யாரும் வற்புறுத்தவில்லை.

காலேஜ் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. பெரியத்தை மட்டும் தரையைக் காலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "இங்க உருட்டக் கூடாது; தூக்கிப் போடணும்" என்றார்.

இரண்டாவது ஆட்டம் முதலாட்டத்தில் தோற்ற மூன்று வாலிபர்களோடு. "பாட்டி, மெதுவா, மெதுவா" என்று ரொம்ப மரியாதையாக ஆரம்பித்தார்கள். 4-4 ஆனதும் 'பாட்டி' நின்றுவிட்டது. காலேஜ் பெண் அடித்த ஓர் அடியில் எதிரியின் குண்டு வேலியோரம் பறக்க, இவளுடையது அது கிடந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது. அதற்கு 'கரோ' என்று பெயர். தோப்பு முழுவதும் கை தட்டியது. நான் அன்றைக்கு உருப்படியாகச் செய்தது, காந்தக் கயிற்றைப் பத்திரமாக வைத்துக்கொண்டதுதான்.

"எத்தனை வருஷமா ஆடறீங்க?" என்று ஒரு பையன் பெரியத்தையைக் கேட்டான்.

"ஆடறது மூணு வாரம். பாக்கறது நாப்பது வருஷத்துக்கு மேல" என்றார்.

9-12 என்று பின்தங்கி, 11-12 ஆக்கினோம். அடுத்த சுற்றில் அவர்கள் குண்டுகள் எல்லாம் தீர்ந்துவிட்டன. குட்டிக்கு ஒரு சாண் தூரத்தில் அவர்களுடையது ஒன்று கிடந்தது. எங்களிடம் பெரியத்தையின் கடைசிக் குண்டு மட்டும் பாக்கி. வட்டத்தில் நின்று வெகு நேரம் பார்த்தார். (ஒரு குண்டுக்கு ஒரு நிமிஷம்தான் அவகாசம். நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.) உயரத் தூக்கிப் போட்டார். குண்டு இறங்கி, அரை முழம் நகர்ந்து, குட்டிக்கு மறுபக்கத்தில் நின்றது.

பத்துப் பதினைந்து தலைகள் அதன்மேல் கவிந்தன. "அவங்களுது!" "இல்லப்பா, அம்மாவோடதுதான்!" என்று ஒரே கூச்சல். பையன்களே எங்கள் பக்கம் விட்டுக் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். நடுவர் நாடாவைப் பிரித்தார்.

வட்டத்திலிருந்து ஒரு தப்படி எடுத்து வைக்காமல் பெரியத்தை சொன்னார்: "அளக்க வேண்டாம். பசங்களோடதுதான் கிட்ட."

அளந்தார்கள். இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம். பையன்களுடையதுதான். 13-11.

அன்றைக்கு வீடு திரும்பியதும் மாமா டீ போட்டார். அவர் குழுவும் மத்தியானமே தோற்றுவிட்டிருந்தது. டீயில் சர்க்கரை இல்லை. யாரும் அதைச் சொல்லவுமில்லை. நான் ராத்திரி பஸ் பிடித்தேன். திண்டிவனம் தாண்டுவதற்குள் போன் அடித்தது.

"ஏம்மா, நீ மெட்ராஸ்லதானே இருக்கே? உங்க மாமாவோட குண்டு எனக்குக் கனம். கடைசியில கை தளர்ந்து போவுது. அதான் ரெண்டு மில்லி தள்ளிடுச்சி. 680-ல, சின்னதா, இரட்டை வரி போட்டது கிடைக்குமான்னு கடையில கேட்டுச் சொல்லு. மூணு வேணும்."

பின்னாலிருந்து மாமாவின் குரல் கேட்டது: "விலையைக் கேளு முதல்ல!"

"நீங்க சும்மா இருங்க" என்றார் பெரியத்தை. "ஏம்மா, காந்தமும் ஒண்ணு."